மஸ்கட் அக்கா

அச்சரப்பாக்கம்
29.11.2009, ஞாயிறு

கர்த்தருடைய தயவில் சுகமாயிருக்கும் என் மகள் ஜெஸ்ஸிக்கு அம்மா ரெபேக்காள் எழுதுவது. நானும் குழந்தை கெசியாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம் சொல்லு. இங்கே பத்து நாளாக மழை விட்டபாடில்லை, சமையல்கட்டு ஷீட்டில் மறுபடியும் ஒழுகுகிறது, பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு விட்டார்கள். கெசியாவுக்கு நீ அனுப்பின சிவப்புச் செருப்பு இப்போதே கடிக்கிறது, கால் அவ்வளவு வளர்ந்துவிட்டது, வரும்போது இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி வா. சாப்பாடு நன்றாகச் சாப்பிடுகிறாள், மீனில் முள்ளை அவளே எடுத்து ஓரம் வைக்கிறாள். ப்ரீ-கேஜியில் கல்யாணி டீச்சர் அவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார், பேசிக்கொண்டே இருக்கிறாளாம். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையின் சிநேகிதர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவர் செவ்வாய்க்கிழமை அங்கே வந்துவிடுவார். நன்றாக ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன், யாரும் பிரிக்கவில்லை என்று பார்த்து வாங்கிக்கொள். டியூட்டியில் இருக்கும்போது படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி. போனில் இதைச் சொல்ல முடியாது, பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுவேன்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் கோயிலிலிருந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தேன், செல்லைக் கெசியாதான் எடுத்தாள். எடுத்துவிட்டு உள்ளே பார்த்து, "ம்மா, மஸ்கட் அக்கா பேசுது, வா" என்று கத்தினாள். அது உன் காதில் விழுந்துவிட்டது. "யாரு மா மஸ்கட் அக்கா? அவ யார அம்மான்றா?" என்று நீ கேட்டாய். தெருப்பிள்ளைகளோடு விளையாடி ஏதோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள், மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நான் சொன்னேன். நீ நம்பவில்லை. நீ சொன்னதை நான் மறக்கவில்லை, நீ மறந்திருந்தால் இங்கே எழுதுகிறேன், படித்துக்கொள். "நான் ஒன்ன மாதிரி இல்ல மா. நீ பெத்த பொண்ண பத்து வயசுல அனாத மாதிரி ஹாஸ்டல்ல தள்ளிட்டுப் போனவ. எம் பொண்ணையாவது எங்கிட்ட வுட்டுடு. டிசம்பர் முப்பதாந்தேதி வரேன், ஜனவரி மூணாந்தேதி அவள இட்டுகினு போறேன்." இதைச் சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். அப்புறம் நான்கு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

தெருப்பிள்ளைகள் ஒன்றும் சொல்லித்தரவில்லை ஜெஸ்ஸி. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போன வருஷம் ஜனவரியில் பதினாலு மாசக் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு நீ விமானம் ஏறினாய். அடுத்த மாசமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டைக்கட்டு, சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். தொண்டைக்கட்டு இல்லை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள், கையில் ஊசி குத்த இடம் கிடைக்காமல் காலில் குத்தினார்கள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கண் திறந்து என்னைப் பார்த்து "ம்மா" என்றாள். அது யாரும் சொல்லித்தந்தது இல்லை, பசியில் வந்த வார்த்தை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்பிள்ளை என்னைப் பார்த்து, "இந்த வயசுல பெத்துக்கினியா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாய் சொல்லிவிட்டது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகிப் பஸ்ஸில் வரும்போது அவள் மறுபடி "ம்மா" என்றபோது நான் "இன்னாடி தங்கம்" என்றேன், அது தெரிந்து சொன்னது. வீட்டுக்கு வந்து, சுவரில் இருக்கிற உன் கல்யாண போட்டோவைப் பார்த்து, யாரு என்கிற மாதிரி அவள் கைநீட்டியபோது அக்கா என்றேன். அன்றிலிருந்து நீ அக்காதான். நீ போன் பண்ணும்போதெல்லாம் "அம்மா பேசறேன் செல்லம்" என்று அந்தப் பக்கம் கொஞ்சுவாய், இந்தப் பக்கம் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் செல்லை அவள் காதில் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் ஆயா. மூக்கைத் துடைக்க ஆயா, ஜட்டி மாற்ற ஆயா. அவள் ஒருத்திக்குத்தான் நான் அம்மா. அது எனக்குப் பிடித்திருந்தது. நீயாக இருந்தாலும் பிடித்திருக்கும் என்று சொல்ல வரவில்லை, என் காரியத்தைச் சொல்கிறேன். குழந்தை ஏங்கிப்போகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், உனக்கு ஒருநாள் தெரியவேண்டும், தெரிந்து வலிக்கவேண்டும் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளை முகத்துக்கு நேரே பார்த்து நீ யார் என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். இப்போது தெரிந்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நீயும் உன்னை ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அப்பா சின்னராசுவை ஜிஎஸ்டி ரோட்டில் லாரி அடித்துப் போட்ட அடுத்த வருஷம் நான் போனேன், தொண்ணூறாம் வருஷம் மார்ச் மாசம், உனக்கு ஐந்து வயசு. அன்றைக்கு நமக்கு வீடு என்று சொல்ல நாலு ஓலை இருந்தது, கழனி வேலைக்குக் கூப்பிட்டால்தான் அடுப்பு எரியும். நீ எதற்குப் போனாய்? மாப்பிள்ளைக்கு இங்கே சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் வேலை இருந்தது, உனக்கும் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது. மாடி கட்டவேண்டும் என்று போனாய். பால் கட்டிக்கொண்டு ஏர்போர்ட் பாத்ரூமில் போய் பீய்ச்சி ஊற்றினாயே, அப்போதாவது திரும்பி வருவாய் என்று வெளியே கண்ணாடிப் பக்கம் குழந்தையோடு ஒரு மணி நேரம் நின்றேன். நீ வரவில்லை. உன்னை மாதிரி நான் இல்லை என்று சொல்கிறாய். நீ என்னை மாதிரியேதான் இருக்கிறாய். அதனால்தான் இதை உனக்கு எழுதமுடிகிறது.

நான் வேலை செய்ததும் நீ இருக்கிற அதே மஸ்கட்தான். நீ போனில் கடற்கரை ரோடு அழகாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை அங்கே நடக்கப் போனோம் என்று சொல்வாய், நான் உம் கொட்டுவேன். முதல் தடவை ஐந்து வருஷம் அந்த ஊரில் இருந்தும் அந்த ரோட்டை நான் பார்த்தது இல்லை. சமையலறை ஜன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியும், அதுதான் மஸ்கட். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது, லீவு கேட்டால் அடுத்த வருஷம் என்பார்கள். அந்த வீட்டில் ஒரு பெண்குழந்தை, நான் போனபோது மூன்று மாசம். அதை நான்தான் வளர்த்தேன். என் மேல்தான் தூங்கும், என்னைத்தான் மாமா என்று கூப்பிடும், அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். உனக்கு நான் மாசம் ஒரு கடிதம் எழுதினேன் இல்லையா, அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டுதான் எழுதினேன். உன் முகம் எனக்கு மறந்துகொண்டே வந்தது, அந்த முகத்தில்தான் உன்னைப் பார்த்தேன். இதை ஒரு தாய் மகளுக்கு எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

தொண்ணூற்றைந்தில் நான் வந்தபோது உனக்குப் பத்து வயசு. உன்னை விட்டுவிட்டுப் போன கடப்பாக்கம் பெரியம்மா வீட்டுக்கு நேராக வந்தேன். ஹெலன் அக்காவுக்குப் பிள்ளை இல்லை, அப்பாசாமி மாமா உப்பளத்துக்குப் போவார், உன்னை அவர்கள் தரையில் விடவில்லை என்று ஊரே சொன்னது. நான் வாசலில் நின்றதும் நீ அக்காவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாய். "ஒங்கம்மா வந்துகீது பாரு" என்று அக்கா உன்னை முன்னால் தள்ளினாள். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்கம்மா நீதான். இவங்க யாரு?" என்று அவளிடம் கேட்டாய். உனக்கு என்று ஒரு பிராக் வாங்கி வந்திருந்தேன், மஞ்சள் நிறம், நெட் வைத்தது. அது உன் தோளிலேயே நின்றுவிட்டது. மஸ்கட் வீட்டுப் பிள்ளைக்கு அளவு பார்த்து, அதற்குக் கொஞ்சம் பெரிதாக வாங்கியிருந்தேன். நீ சிரித்தாய். நான் உன்னை அறைந்தேன். அக்கா என் கையைப் பிடித்து, "பொண்ண அடிக்கிற கை எங்கூட்டுல வாணாம்" என்றாள். எங்கூட்டுல என்று சொன்னாள். உன்னை அவளுடைய பெண் என்று சொல்வது மாதிரி இருந்தது எனக்கு. அவள்தான் உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று அந்த நிமிஷம் முடிவு பண்ணினேன்.

மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் எல்லாம் தெரியாது. பொண்ணை மகாபலிபுரம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறோம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் உனக்குத் தலை வாரிப் பூ வைத்து, புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள், என்னிடம் சிரித்துப் பேசினாள், தாயும் பிள்ளையும் ஒட்டிக்கொண்டால் சரி என்று அவளுக்கும் நிம்மதி. மகாபலிபுரத்தில் நீ அந்தக் கல்யானையைத் தொட்டுப் பார்த்தாய். சங்குமாலை கேட்டாய், வாங்கித் தந்தேன். கூட்டத்தில் நீயாக என் கையைப் பிடித்தாய். அந்தக் கையை விடாமல்தான் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். ஹாஸ்டலில் சேர்க்க முந்தின நாளே ஆள் வைத்துப் பேசியிருந்தேன். நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்தினாய். என்னைக் கூப்பிடுகிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ ரோட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாய்.

உனக்குத் தெரியாதது இதுதான். மேட்ரனிடம் ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னைத் தவிர யாரும் பிள்ளையைப் பார்க்கக் கூடாது, யார் கடிதமும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது என்று எழுதினேன். அவர் என்ன செய்வார், தாய் எழுதிக்கொடுத்தால் கேட்கத்தான் வேண்டும். அதன்பிறகு நாற்பது நாளில் நான் மறுபடி மஸ்கட் போய்விட்டேன். பெரியம்மா ஏன் வரவில்லை என்று நீ எழுதிக் கேட்டாய், முதல் வருஷம் முழுக்க ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். பெரியம்மாவுக்கு அவள் வேலை, உன்னை எல்லாம் நினைக்க நேரம் இல்லை, இனிமேல் கேட்காதே என்று பதில் எழுதினேன். அப்புறம் நீ கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடலாம் என்று பேசும்போது, "பெரியம்மாவா? அவங்க யாரு எனக்கு?" என்றாய். நான் பத்திரிகையில் அடுத்த பேரை எழுதினேன்.

நீ போனை வைத்த அடுத்த சனிக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, கெசியாவைத் தூக்கிக்கொண்டு மதுராந்தகத்தில் பஸ் மாறி, செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் போனேன். பதினாலு வருஷத்துக்குப் பிறகு போகிறேன். எதற்குப் போனேன் என்றால், கையில் வளர்த்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனால் எப்படித் தாங்குவது என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அக்கா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். முடி மொத்தமும் வெளுத்துவிட்டது, முட்டி மடங்கவில்லை, காலை நீட்டித்தான் உட்காருகிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "இன்னாத்துக்கு வந்த?" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொல்லவில்லை. கெசியாவைப் பார்த்து, "ஜெஸ்ஸி பொண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஒங்கம்மா எங்க கீது கண்ணு?" என்று குழந்தையைக் கேட்டாள். கெசியா என் தோளைத் தட்டி, "இதோ" என்றாள். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. "நல்லா கத்துக்கினடி. நான் அந்தப் பொண்ணுக்கு ஒருநாளும் சொல்லித்தரல. ஒங்கம்மா மஸ்கட்ல கீது, ஒனக்காவத்தான் போயிகீதுன்னு தினிக்கும் சொல்லிகினுதான் இருந்தேன். அது அதும் வாயால என்ன அம்மான்னுச்சி. நீ அப்ப ஒரு வார்த்த என்ன கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. நான் கேட்கவில்லை என்று சொன்னேன்.

அப்புறம் அவள் சொன்னதை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். அன்றைக்கு அவளும் மாமாவும் கடைசி பஸ் வரைக்கும் ரோட்டில் நின்றிருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் கடலில் போய்விட்டோமோ என்று பயந்து அடுத்த நாள் மாமா மகாபலிபுரம் போய் விசாரித்திருக்கிறார். பத்து நாள் கழித்துத்தான் நீ ஹாஸ்டலில் இருக்கிறாய் என்று தெரிந்திருக்கிறது. அதிலிருந்து மாசம் ஒரு தடவை வந்திருக்கிறார்கள், ஒரு வருஷம் அல்ல, மூன்று வருஷம். முறுக்கு, எள்ளடை, உனக்குத் தைத்த பாவாடை. கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை உங்களைப் பார்க்க இஷ்டமில்லை என்கிறது என்று அங்கே யாரோ சொன்னார்களாம், தொல்லை விட்டால் போதும் என்று சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகும் மாமா எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து, நீங்கள் எல்லாரும் வரிசையாக ஸ்கூலுக்குப் போவதைப் பார்த்துவிட்டு வருவாராம். அதில் எது நீ என்று அவருக்கு அப்புறம் அப்புறம் அடையாளம் தெரியவில்லை, எல்லாம் ஒரே யூனிபாரம், ஒரே ரெட்டைச் சடை. வந்து அக்காவிடம், இன்றைக்குப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்வாராம். ஜெஸ்ஸி, மாமா இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. கெசியா உன் வயிற்றில் ஏழாம் மாசம். எனக்கு அன்றைக்கே ஆள் வந்து சொன்னார்கள். பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவைச் சொல்லக் கூடாது என்று மற்றவர்களிடம் சொன்னேன். பிள்ளை பிறந்த பிறகும் சொல்லவில்லை. சொன்னால் நீ அங்கே போவாய், போனால் கேட்பாய். அதுதான் காரணம்.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "எப்டிக்கா தாங்குன?" என்று மட்டும் கேட்டேன். "தாங்குனேன்னு யார்டி ஒனக்குச் சொன்னது?" என்றாள். பிறகு நான் அழுதேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நிறுத்து என்று சொல்லவில்லை, கிட்டே வரவில்லை. "அழுவு. இத்த பாக்கத்தான் இத்தினி வருசம் உசுரோட கீறேன்" என்றாள். கெசியா நான் அழுவதைப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்தபோதுதான் அக்கா எழுந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்து குழந்தைக்கு ஊட்டினாள். எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஊட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள், "அந்தப் பொண்ணு நாலு நாளு வந்து இத்த இட்டுகினு போனா, இதும் கத்திகினே போவும். அத்த மாதிரி. நீ மொதல்ல கழண்டுக்கோ. பெத்தவ வர்றதுக்குள்ள நீ இதுக்கு அம்மாவா இருக்கறத வுட்டுத்தொல. நீ கெட்டவளா ஆனாத்தான் அது அவகிட்ட போவும்." உன் நம்பர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். அவளுடைய நம்பரையாவது கொடுக்கச் சொன்னேன், ஜெஸ்ஸி பேசட்டும் என்றேன். "அது பண்ணா நான் எடுக்கமாட்டேன்னு சொல்லு" என்றாள். ஆனால் நம்பரைச் சொன்னாள், நான் எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள், ஏழுக்கு ஒன்று என்று எழுதியிருந்தேன், அதைத் திருத்த வைத்தாள். நாங்கள் கிளம்பும்போது வழியனுப்ப வரவில்லை.

நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். அவள் எடுக்காவிட்டாலும் கூப்பிடு. எடுத்துத் திட்டினால் வாங்கிக்கொள், அது எனக்கு விழவேண்டிய திட்டு, ஆனாலும் நீ வாங்கிக்கொள்.

அடுத்து நீ செய்யவேண்டியது. முப்பதாம் தேதி வந்து மூன்றாம் தேதி போகிற வேலை வேண்டாம். லீவு தரமாட்டார்கள் என்று சொல்லாதே, கேட்டு வாங்கு. டிசம்பர் பதினைந்தாம் தேதிக்குள் வா, கிறிஸ்துமஸை இங்கே வைத்துக்கொள், மூன்று வாரம் அவளோடு இரு. அவளை நீயே குளிப்பாட்டு, நீயே ஊட்டு, பக்கத்தில் படுக்க வை. கடிப்பாள், கடிக்கட்டும். நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன், கல்யாணி டீச்சர் வீட்டு மாடியில் ஓர் அறை சொல்லிவைத்திருக்கிறேன். என்னைத் தேடி அழுதால் என்னிடம் கொண்டுவராதே. ஆயா இல்லை, போய்விட்டாள் என்று சொல்லு. கோபம் வந்து என்னைக் கெட்டவள் என்று சொல்லத் தோன்றினால் அதையும் அவளிடம் சொல்லு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். நினைத்தாலும் உனக்கென்ன. ஏர்போர்ட்டுக்கு நான் வரவில்லை.

இங்கே நான் ஆரம்பித்துவிட்டேன். போன திங்கட்கிழமை காலையிலிருந்து அவள் அம்மா என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். உன் போட்டோவைக் காட்டி, அதுதான் அம்மா, நான் ஆயா என்று ஒரு தடவை சொன்னேன், அவள் என் வாயைக் கையால் மூடினாள். அன்றைக்கு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தாள், என் சேலையைப் பிடித்து இழுத்தாள், தட்டைத் தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள் வாசற்படியில் விழுந்து முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது, அம்மா என்றுதான் கத்தினாள், நான் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டு வேண்டா ஓடிவந்து தூக்கினாள், "நீயெல்லாம் பொம்பளையா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனாள். உனக்கு இதெல்லாம் எழுதவேண்டாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் அவள் எந்த வழியாக உன்னிடம் வருகிறாள் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். கிட்டே வரவில்லை. அங்கே நின்றபடியே, என் முகத்தைப் பார்க்காமல், "ஆயா, சோறு" என்றாள். நான் திரும்பிப் பார்த்து, இதோ போடுகிறேன் கண்ணு என்றேன். உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டாள். அதிலிருந்து ஒருதடவைகூட மாற்றிக் கூப்பிடவில்லை. தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்கிறாள்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உங்கள் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், போகிற வழியெல்லாம் கூட இருக்கட்டும். முட்டி வலி தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா, எனக்கு அல்ல, கடப்பாக்கத்துக்கு. கெசியா பாஸ்போர்ட் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது, சாவி வேண்டாவிடம்.

உன்னைப் பெற்ற
ரெபேக்காள்